ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’: நம் இளைஞர் கையில் கொடுக்கலாமா?

(தம்ம வகுப்புக்குரிய பாடக் கட்டுரை)

நம் இளைஞர் எந்நூலைப் படிக்கலாம், எந்நூலைப் படிக்கலாகாது என்னும் வினா ஞாயிறுதோறும் நடைபெறும் தம்ம வகுப்புகளில் அடிக்கடி எழுவதுண்டு. அவ்வினாவுக்குப் பலகாலும் காரணமாக அமைவது, ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே இயற்றிய ‘சித்தார்த்தன்’ என்னும் தத்துவ நவீனம். பகவன் புத்தரின் சரிதை என்று எண்ணி அதனை வாங்கி ஏமாந்தோர் சிலர். புத்தரை நேரிற் கண்டும் அவரிடம் சரணடையாது போனவன் கதையை நம் பிள்ளைகளிடம் கொடுப்பது தகுமோ என்று வருந்தும் பெரியோர் சிலர். இந்நூலைப் படித்த பின்னரே தமக்குப் பௌத்தத்தில் நாட்டம் பிறந்தது என்று கூறும் மாணவர் சிலர். ஒரே நூல் ஒரே சங்கத்தாரை இவ்வாறு பிரித்து நிறுத்துமாயின், அதனை மறைத்து வைப்பதினும் எடுத்து ஆராய்வதே அறிவுடைமை.

நமது முடிவை முதற்கண் கூறிவிடுகின்றோம். பதினெட்டு வயது நிரம்பிய நம் இளைஞர்க்கு இந்நூலைத் தயங்காது கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாகாது. உடனிருந்து படித்தல் வேண்டும். அதற்குரிய காரணங்களைக் கீழே விளக்குவோம்.

நூலாசிரியர்

ஹெஸ்ஸே 1877ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள கால்வ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனாரை நம்மவர் நன்கறிவர். 1836இல் சென்னைக்கு வந்து, திருநெல்வேலிப் பகுதியிலும் சிலகாலம் தங்கித் தமிழ் பயின்று, பின்னர்த் தலச்சேரியில் நிலைத்து மலையாள மொழிக்கு இலக்கணமும் 1872இல் பேரகராதியும் அளித்த ஹெர்மன் குண்டர்ட் அவர்களே அப்பெரியார். ஹெஸ்ஸேயின் தாயார் பிறந்ததும் தென்னிந்தியாவிலேயாம். தந்தையாரும் சில ஆண்டுகள் இந்நாட்டிற் கிறிஸ்தவ மிஷன் பணி புரிந்தவர். இவ்வாறு இந்திய நூல்களும் இந்தியப் பேச்சும் நிறைந்த வீட்டில் வளர்ந்த ஹெஸ்ஸே, 1911இல் கீழைநாடுகளைக் காணப் புறப்பட்டு, இலங்கை, சிங்கப்பூர், சுமத்ரா ஆகிய இடங்களைக் கண்டார். எனினும் பாட்டனார் வாழ்ந்த மலையாள நாட்டைக் காணாமலே ஊர் திரும்பினார்.

முதல் உலகப் போரின் வெறியைக் கண்டித்தமையால் தம் நாட்டாராலேயே தூற்றப்பட்டு, குடும்பத் துயராலும் நலிந்திருந்த காலத்தை அடுத்து அவர் எழுதத் தொடங்கியது இந்நவீனம். முதற்பகுதியை முடித்தபின் மேலே எழுத இயலாமல் ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார். நூல் 1922இல் வெளிவந்தது. 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1951இல் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வெளியாகி, 1960களில் அந்நாட்டு மாணவரிடையே பெரிதும் பரவியது. 1962இல் ஆசிரியர் மறைந்தார். 1972இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது. அதில் தலைமகனாக நடித்தவர் சசி கபூர். தமிழில் இதனைக் கவிஞர் திருலோக சீதாராம் அவர்கள் மொழிபெயர்த்துள்ளார்.

கதைச் சுருக்கம்

பெயரினால் வரும் மயக்கத்தை முதலில் நீக்கிக்கொள்வோம். இக்கதையின் சித்தார்த்தன் சுத்தோதனர் மைந்தரல்லர். அவர் காலத்தில் வாழ்ந்ததாகக் கற்பிக்கப்பட்ட ஓர் அந்தணச் சிறுவன். பகவன் புத்தர் இக்கதையில் ‘கௌதமர்’ என்னும் பெயருடன் தனியே வருகின்றார்.

வேதமும் வேள்வியும் கற்றும் மனநிறைவு பெறாத சித்தார்த்தன், தந்தை இசையும் வரை இரவு முழுதும் நின்றவாறே காத்திருந்து, விடைபெற்று, தோழன் கோவிந்தனுடன் சமணத் துறவியரைச் சேர்கின்றான். மூன்றாண்டு அளவில் அதிலும் நிறைவின்றி, இருவரும் சாவத்தி நகரத்து ஜேதவனத்திற்குச் சென்று கௌதமரின் அறவுரையைக் கேட்கின்றனர். கோவிந்தன் சங்கத்தில் இணைகின்றான். சித்தார்த்தனோ பகவரை வணங்கி, தன் ஐயத்தைக் கூறிப் பிரிந்து செல்கின்றான்.

பின்னர் ஆற்றைக் கடந்து நகரம் புகுந்து, கமலை என்னும் கணிகையின் நட்பும், காமசுவாமி என்னும் வணிகரின் தொழிலும் பெற்று, பொருளும் சூதும் மதுவுமாகப் பல ஆண்டுகளைக் கழிக்கின்றான். ஒருநாள் தன்னையே வெறுத்து ஆற்றில் மூழ்கி உயிர் விடத் துணிந்து, பின் தெளிந்து, வாசுதேவர் என்னும் ஓடக்காரரிடம் சேர்ந்து ஓடம் தள்ளி வாழ்கின்றான். பரிநிர்வாணம் நெருங்கிய பகவரைக் காணச் செல்லும் வழியில் கமலை பாம்பு தீண்டி இறக்கின்றாள். அவள் வயிற்றிற் பிறந்த தன் மகனை அவன் அப்போதுதான் முதன்முறை காண்கின்றான். அம்மகனும் தந்தையை வெறுத்து ஓடிவிடுகின்றான். அத்துயரின் பின்னரே சித்தார்த்தன் ஆற்றின் ஒலியைக் கேட்டு அமைதி எய்துகின்றான். முதியவனாய் வந்த கோவிந்தன் நண்பனின் முகத்தில் அவ்வமைதியைக் காண்பதோடு கதை முடிகின்றது.

தடை கூறுவோர் வாதம்

இந்நூலை ஏற்காத பெரியோரின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. அவர்கள் கூறுவன மூன்று.

ஒன்று: இந்நூல் பௌத்தக் கோலம் பூண்டு வேறொன்றைப் போதிக்கின்றது. முடிவில் சித்தார்த்தன் ஆற்றிற் கேட்பது ஓங்கார ஒலி. காண்பது எல்லாம் ஒன்றே என்னும் ஒருமை. அநித்தமும் அநாத்மமும் அங்கு இல்லை. இது மெய்யே. தம் நூலின் ஞானம் கௌதமரைவிட லாவோட்சுவுக்கே அணித்தானது என்று ஹெஸ்ஸேயே ஒரு நண்பருக்கு எழுதியுள்ளார். அதே ஆற்றைப் பௌத்தர் காணுமிடத்து, கணந்தோறும் மாறும் நீரோட்டத்தில் நிலையாமையை உணர்வர். ஹெஸ்ஸேயின் ஓடக்காரரோ, ஊற்றிலும் கழிமுகத்திலும் ஆறு ஒருசேர இருத்தலைக் கண்டு, காலமே இல்லை என்று முடிவு கட்டுகின்றார். ஆறு ஒன்று, பாடம் இரண்டு.

இரண்டு: மெய்யறிவைச் சொல்லால் உணர்த்த இயலாது, ஆதலின் எந்த ஆசானும் வேண்டா என்னும் எண்ணத்தை இந்நூல் இளநெஞ்சில் விதைக்கின்றது. இதனைப் படித்த சிலர், சீலமும் வேண்டா, சங்கமும் வேண்டா, மனம் போனவழியே பட்டறிவு பெறுதலே போதும் என்று கூறத் தொடங்குகின்றனர்.

மூன்று: உலகம் ஒவ்வொரு கணத்திலும் முழுமை பெற்றே விளங்குகின்றது, உள்ளவை யாவும் நன்றே என்று சித்தார்த்தன் இறுதியிற் கோவிந்தனுக்கு உரைக்கின்றான். இம்மூன்றனுள் நம்மை மிகவும் உறுத்துவது இதுவே. ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட குடிசையும், கிணற்றருகே நிற்கத் தடுக்கப்பட்ட தாயும் அந்த முழுமையைச் சேர்ந்தனவோ? உலகம் உள்ளபடியே நன்று என்றால், 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களும் பல இலட்சம் மக்களும் எதற்காகப் புதுவழி கண்டனர்? துன்பம் உண்டு, துன்பத்துக்குக் காரணம் உண்டு, அதனை நீக்கலாகும், நீக்கும் வழியும் உண்டு என்பதே பகவரின் நால்வகை வாய்மை. அவ்வாய்மையின் முதற்சொல்லே, உலகம் உள்ளபடி நன்றன்று என்பதாகும்.

ஆயினும் ஏன் கொடுத்தல் வேண்டும்?

இத்துணைக் குறைகளையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் இந்நூலை நாம் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, சித்தார்த்தன் எழுப்பும் வினா நம் இளைஞரின் நெஞ்சில் முன்னரே இருக்கின்றது. நம் பாட்டன்மார் பட்ட அவமானத்தின் வெம்மையில் தம்மத்தைக் கண்டடைந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ பௌத்தராகவே பிறந்துவிட்டனர். பாட்டன் தேடிப் பெற்றதைப் பேரன் கேட்டுப் பெறுகின்றான். ‘பிறர் தேடிய உண்மை எனக்கு உண்மையாகுமோ?’ என்று அவன் கேட்கின்றான். வாய்விட்டுக் கேளாவிடினும் மனத்துள் கேட்கின்றான். அவ்வினாவுக்கு நாம் அஞ்சுவோமாயின், அவன் நம்மிடம் கேட்பதை விடுத்து வேறிடம் செல்வான். இந்நூல் அவ்வினாவை நாகரிகமாகவும் பகவரிடத்து மதிப்போடும் எழுப்புகின்றது.

இரண்டாவது, இந்நூலிலேயே அதற்குரிய விடையும் இருக்கின்றது. விரைந்து படிப்போர் அதனைக் காணாது செல்வர். ஜேதவனத்தில் சித்தார்த்தன் தன் ஐயத்தைச் சொன்னபோது ஹெஸ்ஸேயின் கௌதமர் யாது கூறுகின்றார்? தம் போதனையின் நோக்கம், அறிவுவேட்கை கொண்டோர்க்கு உலகத்தை விளக்குதலன்று, துன்பத்தினின்று விடுவித்தலே என்கின்றார். மிகுந்த சாமர்த்தியத்தைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்றும் அறிவுறுத்துகின்றார். நம் நிகாயங்களில் மாலுங்கியபுத்தருக்குப் பகவர் கூறிய நச்சம்பு உவமையின் சாரமும் இதுவன்றோ? அம்பு தைத்தவன் அதை எய்தவனுடைய குலமும் நிறமும் வினவிக்கொண்டிருந்தால், விடை வருமுன் உயிர் போய்விடும். பௌத்தரல்லாத ஓர் ஆசிரியர், தம் கதைத்தலைவனே மறுத்துச் செல்லும் இடத்திலும் பகவரின் வாயில் இவ்வளவு நேர்மையான விடையை வைத்துள்ளமை போற்றத்தக்கது.

மூன்றாவது, தம்மத்தைக் கண்மூடி ஏற்குமாறு பகவர் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கேசபுத்த நகரத்துக் காலாமருக்கு அவர் அருளிய உபதேசம் யாவரும் அறிந்தது. மரபு என்பதாலோ, நூலில் உள்ளது என்பதாலோ, ஆசான் சொன்னார் என்பதாலோ ஒன்றை ஏற்றல் வேண்டா என்றார். ஆயின் நம் இளைஞர் அவ்வுபதேசத்தின் பிற்பகுதியை மறந்துவிடலாகாது. ஒன்று பேராசையையும் பகையையும் மயக்கத்தையும் வளர்க்குமாயின் அதனை விடுக. அவற்றைக் குறைக்குமாயின் அதனைக் கைக்கொள்க என்று உரைகல்லும் காட்டினார். அவ்வுரைகல்லில் இந்நூலையும் உரைத்துப் பார்ப்பதே நாம் கற்பிக்கும் முறை.

நான்காவது, இந்நூலில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க நற்பொருள்கள் பல. அந்தணச் செல்வன் ஒருவன் வேதியரிடமும் துறவியரிடமும் பெறாத அமைதியை, ஓடம் தள்ளி உண்ணும் எளிய உழைப்பாளி ஒருவரிடம் பெறுகின்றான். வாசுதேவர் நீண்ட உபதேசம் எதுவும் செய்வதில்லை. பிறர் கூறுவதை முழு மனத்தோடு கேட்கின்றார். கேட்டல் ஓர் அறம் என்பதை இவ்வளவு அழகுறக் காட்டும் கதைகள் சிலவே. மகன் ஓடிப்போகும் அதிகாரத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே படித்தல் நன்று. தந்தையை விட்டுச் சென்றவன் தன் மகனால் விடப்படுங்கால், தான் இழைத்தது இன்னது என்று உணர்கின்றான். வினைப்பயன் என்பதை விளக்கப் பல பக்கங்கள் எழுதினும் அவ்வோர் அதிகாரத்துக்கு ஈடாகா.

நூல் காட்டாத கதவு

இனி, இந்நூலைப் படிக்கும் நம் இளைஞர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றைக் கூறுவோம். இதுவே இப்பாடத்தின் உயிர்நிலை.

ஹெஸ்ஸே ஜேதவனத்தைக் காட்டுகின்றார்; ஆங்கே காவியுடுத்த பிக்குகளையும் காட்டுகின்றார். ஆயினும் அக்கூட்டத்தில் யார் யார் இருந்தனர் என்பதை அவர் காட்டவில்லை. சாக்கிய குமாரர்க்கு நாவிதத் தொழில் செய்த உபாலி அச்சங்கத்திலேதான் இருந்தார். பகவரின் பரிநிர்வாணத்தின் பின் கூடிய முதற்சங்கத்தில் விநயத்தை ஓதி உறுதிசெய்தவர் அவரே. குப்பை வாரிப் பிழைத்த சுனீதர் இருந்தார். தெருவிற் பகவரைக் கண்டு அஞ்சி ஒதுங்கி நின்ற அவரைப் பகவரே அழைத்துச் சங்கத்திற் சேர்த்தார்.

சித்தார்த்தன் சங்கத்தை விட்டுச் சென்றான். அதனால் அவன் இழந்தது யாது? கல்வி அவனுக்குப் பிறப்பிலேயே வந்தது. நகரத்துக்குட் புகுந்தவுடன் வணிகரும் அவனை ஏற்றனர், கணிகையும் ஏற்றாள். அவன் தள்ளிவந்த கதவுகள் யாவும் அவனுக்கு மீண்டும் திறந்தன. சுனீதர் அவ்வாறு சென்றிருப்பின் எங்குச் சென்றிருப்பார்? மீண்டும் அதே குப்பைக் கூடையிடத்தன்றோ? அவருக்குச் சங்கம் ஒன்றே திறந்த கதவு. தனிவழி செல்லுதல் எல்லாக் கதவுகளும் திறந்திருப்போர்க்கு ஓர் அழகு. ஒரு கதவும் திறவாதோர்க்குக் கூட்டுறவே உயிர். சங்கம் சரணம் என்று நாம் நாடோறும் கூறுவதன் பொருளை இவ்விடத்தில் இளைஞர் உணர்வாராக.

சொற்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். சொல்லால் ஆவது ஒன்றுமில்லை என்று சலிப்பதற்கு, முதலிற் சொல் ஒருவன் வசப்பட்டிருத்தல் வேண்டும். வேதத்தை ஓதி ஓதிச் சலித்தவன் சித்தார்த்தன். வேதத்தைச் செவியாற் கேட்பதற்கும் தகுதியற்றோர் என்று தர்ம சாத்திரங்களால் விலக்கப்பட்டோர் நம் முன்னோர். ஆதலினாலன்றோ அயோத்திதாச பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதோடு நில்லாது, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார ஏட்டையும் தொடங்கினார்? அதே ஆண்டில் பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்கள் பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். கோலார் தங்கவயலில் நிலத்தின் அடியாழத்தில் உழைத்தோர் வாழ்ந்த குடியிருப்புகளிலிருந்து பண்டிதரின் நூல்கள் மீண்டும் மீண்டும் அச்சேறின. எழுத்து நமக்கு எளிதில் வந்ததன்று. எழுத்தைக் கடந்து செல்லுதல் உயர்வேயாயினும், அக்கரை சேர்ந்தபின் தெப்பத்தைச் சுமந்து திரியவேண்டா என்றே பகவர் கூறினார். ஆற்றின் நடுவே தெப்பத்தை விட்டுவிடுமாறு கூறினாரல்லர்.

மணிமேகலையும் சித்தார்த்தனும்

பிற கொள்கைகளைக் கேட்டறிதல் நமக்குப் புதியதன்று. தமிழ்ப் பௌத்தரின் பெருங்காப்பியமாகிய மணிமேகலையில், தலைவி வஞ்சி நகரத்தில் மாதவ வடிவங்கொண்டு பல்வேறு சமயவாதிகளின் கொள்கைகளையும் வினவிக் கேட்கின்றாள். கேட்டதனால் அவள் கெட்டாளல்லள். காஞ்சிக்குச் சென்று அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தெளிகின்றாள். அனைத்தையும் கேட்ட பின்னரே அவளது சரணம் உறுதிப்படுகின்றது.

இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்குமாறு இளைஞரைக் கேட்டுக்கொள்கின்றோம். கணிகையர் குலத்திற் பிறந்த மணிமேகலை அவ்வாழ்வை உதறி அறவழி நிற்கின்றாள். ஹெஸ்ஸேயின் கமலையும் முடிவில் தன் பூஞ்சோலையைப் பகவரின் பிக்குகளுக்கு அளித்து அவரையே சரணடைகின்றாள். கதைத்தலைவன் சேராத இடத்தில் அவன் காதலி சேர்கின்றாள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மற்றொன்று: மணிமேகலை எய்திய தெளிவு அமுதசுரபியாய்ப் பெருகி, பசித்தோர் வயிற்றை நிரப்புகின்றது. சித்தார்த்தன் எய்திய அமைதி அவன் முகத்தில் ஒளிர்கின்றது. அதனைக் கண்டு அமைதி கொள்வோன் கோவிந்தன் ஒருவனே. இவ்விரண்டனுள் நம் சமூகத்துக்கு இன்று தேவைப்படுவது யாது என்பதை இளைஞரே கூறட்டும்.

படிக்கும் முறை

முதலில் பகவரின் வாழ்க்கையையும் போதனையையும் ஒருமுறையேனும் கற்றிருத்தல் வேண்டும். அண்ணல் அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ பேராசிரியர் பெரியார்தாசனின் தமிழாக்கத்தில் உள்ளது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களின் ‘பௌத்தமும் தமிழும்’ நம் முன்னோர் நெறியை அறிய உதவும். இவ்வடிப்படை இன்றி ஹெஸ்ஸேயைப் படிப்போர், அவர் கூறுவனவே பகவர் கூறியவை என்று மயங்குவர்.

அடுத்து, பன்னிரண்டு அதிகாரங்கள் கொண்ட இச்சிறு நூலை வாரத்துக்கு இரண்டாக ஆறு வாரங்களிற் கூடிப் படிக்கலாம். கணிகை வாழ்வு பேசப்படும் பகுதிகளில் முகஞ்சுளிக்கவேண்டா. அவ்வாழ்வின் கசப்பையும் ஆசிரியரே காட்டுகின்றார். படிப்போர் யாவரும் கருத்துக் கூறலாம். மாறுபட்டுக் கூறும் மாணவனை அடக்குதல் ஆகாது. வகுப்பு நடத்தும் பெரியோர் வாசுதேவரைப் போன்று முதலிற் கேட்பாராக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. ஜேதவனத்தில் சித்தார்த்தன் கூறிய ஐயம் யாது? கௌதமர் அளித்த விடை உமக்கு நிறைவு தருகின்றதா?

2. ‘உலகம் ஒவ்வொரு கணத்திலும் முழுமையானது’ என்னும் கருத்தை நால்வகை வாய்மையோடு ஒப்பிடுக.

3. கோவிந்தன் சங்கத்தில் நெடுங்காலம் இருந்தும் அமைதி பெறாதவனாகக் காட்டப்படுகின்றான். இது சங்கத்தின் குறையோ, கோவிந்தனின் குறையோ, ஆசிரியரின் நோக்கோ?

4. சுனீதர் இந்நூலைப் படித்திருப்பின் சித்தார்த்தனுக்கு யாது கூறியிருப்பார்?

நான்காம் வினாவுக்குரிய விடையை மாணவர் எழுத்திற் கொண்டுவருதல் நலம். ஒரு நூலோடு வாதிடக் கற்றவன் எந்நூலுக்கும் அடிமையாகான், அஞ்சி ஓடவுமாட்டான். அத்தகைய இளைஞர் நம் சங்கங்களிற் பெருகுவாராக. அறம் வெல்க.